ரூல் போடுகிறவன்

குருவிமலை ஜமீன் கச்சேரியில் காகிதங்களுக்குக் கோடு போடுவது செங்கோடனின் வேலை. ஒருநாள் அங்கே வந்த வெள்ளைக்காரத் துரை, "உனக்கு என்ன வேலை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். செங்கோடன் ரூல்தடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தெரிந்த ஆங்கிலத்தில், "ஐ ரூல், சார்" என்றான்.

பக்கத்தில் நின்ற ஜமீன்தார் அப்போதுதான் ஆங்கிலம் படிக்க ஆரம்பித்திருந்தார். ரூல் என்றால் ஆளுவது என்று முந்தாநாள்தான் பாடம். அவருக்கு மீசை துடித்தது.

"ஏன்டா, என் ஜமீனை நீ ஆளுறியா? இப்பவே உன் சீட்டைக் கிழிக்கிறேன். கொண்டா காகிதத்தை!"

செங்கோடன் வீட்டில் ஐந்து வாய்க்கும் இந்த ஒரு வேலைதான். ஆனாலும் கோடு போடாத வெறும் தாளைப் பணிவாக நீட்டினான்.

ஜமீன்தார் நீக்க உத்தரவை எழுதினார். முதல் வரி வலப்பக்கம் போகப்போகச் சரிந்து இறங்கியது. இரண்டாவது வரி அதன் முதுகில் ஏறி உட்கார்ந்தது. துரை எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"கோடு எங்கேடா?" என்று ஜமீன்தார் உறுமினார்.

"வேலை போன ஆளு கோடு போடலாமுங்களா, எசமான்?"

"போட்டுக் குடுத்துட்டுப் போடா!"

"போடறதுக்கு நான் வேலையில இருக்கோணுமுங்களே."

ஜமீன்தார் தாளையும் ரூல்தடியையும் மாறிமாறிப் பார்த்தார். "இதுக்கும் ரூலுன்னுதான் பேரா?"

"ஆமாங்க. ஊருக்கெல்லாம் எசமான் ரூலு. எசமான் கையெழுத்துக்கு மட்டும் என்னோட ரூலுங்க."

ஜமீன்தார் உத்தரவைக் கசக்கி அவன்மேல் எறிந்தார். சிரிப்பு மீசையைத் தாண்டி வந்துவிட்டது.

"ஆண்டு தொலை, போ!"