சுண்டல் இல்லாத வெள்ளிக்கிழமை

கோவில்பட்டி ஆடிட்டர் செண்பகவல்லிக்கு வயது முப்பத்தெட்டு. அவருடைய சீடர் மாசிலாமணிக்கு ஐம்பத்து நாலு. குருவாக இருக்க வயசா முக்கியம்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸிலேயே பாய் விரித்துச் செண்பகவல்லி பஜனை சொல்லிக்கொடுப்பார்; முடிந்ததும் எல்லோருக்கும் சுண்டல் உண்டு. நூற்பாலை மேனேஜர் மாசிலாமணி முதல் ஆளாக வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

அன்றைக்கு மனுஷர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். மார்ச் மாசம் அல்லவா! புது வரி முறைக்கு மாறினால் வரி குறையும் என்று கணக்குப் போட்டுச் சொன்னதே செண்பகவல்லிதான். மாறியும் விட்டார். ஆனால் ஓய்வூதியத் திட்டத்தில் அவர் மாசாமாசம் போடும் பணத்துக்குப் புது முறையில் வரிக்கழிவு கிடையாதாம். பத்து வருஷமாக வரிப் படிவத்தில் அந்தக் கழிவுக் கட்டத்தை நிரப்பிப் பழகிய கைக்கு அது பொறுக்கவில்லை.

"கழிவே இல்லைன்னா எதுக்கு டீச்சரம்மா போடணும்? நிறுத்தச் சொல்லி பேங்குக்கு லெட்டர் எழுதிட்டேன். இன்னும் கொடுக்கலை, இந்தாங்க பாருங்க."

மில்லில் பென்ஷன் என்ற பேச்சே இல்லை. பிள்ளைகளும் இல்லை. அறுபதுக்கு மேல் அவருக்கும் மனைவிக்கும் சோறு போடப்போவது அந்தப் பணம் ஒன்றுதான். அவருக்கும் தெரியும். ஆத்திரம் கண்ணை மறைத்துவிட்டது, பாவம்.

செண்பகவல்லி கடிதத்தை வாங்கி மேசைமேல் வைத்தார். பாயில் இருந்தவர்களைப் பார்த்து, இன்றைக்குச் சுண்டல் கிடையாது என்றார்.

அவ்வளவுதான். ஒருவருக்கு பஸ் ஞாபகம் வந்தது, இன்னொருவருக்கு மாமியார் ஞாபகம். சுண்டலுக்கு வந்த கூட்டம் கலைய எத்தனை நேரம் ஆகும்? மாசிலாமணி மட்டும் ஜால்ராவை எடுத்துக்கொண்டு தொண்டை கட்டும்வரை பாடினார். பாடப் பாட முகமும் தெளிந்துவிட்டது.

பாட்டு முடிந்ததும் செண்பகவல்லி கேட்டார்: "நீங்க ஏன் அண்ணே எந்திரிச்சுப் போகலை?"

"பாடத்தானே டீச்சரம்மா வர்றேன். சுண்டல் கொடுத்தா வேண்டாம்னு சொல்ல மாட்டேன், அது வேற."

"பேங்குல பணம் எதுக்குப் போட்டீங்க?"

"வயசான காலத்துல நானும் அவளும்..."

அவர் கண் மேசைமேலிருந்த கடிதத்துக்குப் போனது.

செண்பகவல்லி மேசைக்கு அடியிலிருந்து தூக்குவாளியை எடுத்து மூடியைத் திறந்தார். தேங்காய்த் துருவல் போட்டுத் தாளித்த வாசனை ஆபீஸ் முழுக்கப் பரவியது.

"நிறைய இருக்கு. வீட்டுக்கும் கொண்டுபோங்க அண்ணே. பொட்டலம் கட்டத்தான் காகிதம் இல்லை."

மாசிலாமணி மேசைமேலிருந்த தன் கடிதத்தை எடுத்துக் கூம்பாகச் சுருட்டி நீட்டினார்.