தெருவைத் திருப்பியவன்

காலை பத்து மணிக்குத் தெற்குரத வீதி முக்கில் நின்ற தேர், பதினொன்றாகியும் அங்கேயே நின்றது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுத் திருப்பும் உச்சிமாகாளிக்குக் கால் பிசகிவிட்டது. இன்று தேரைத் திருப்புகிறவன் தலைக்குத்தான் அவருடைய பரிவட்டம். கோமதிநாயகத்துக்கு அது வேண்டும். அவன் ஜப்பானிலிருந்து வந்த ஆறு மாதத்தில் ஊரில் ஒருவரும் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அண்ணாச்சி, ஜப்பான்ல முட்டுக்கட்டையே வேண்டாம். முக்கு வந்தா, சக்கரத்துக்கு அடியில மூங்கில் பத்தையப் பரப்பி, தண்ணிய ஊத்தி, பக்கவாட்டுல இழுப்பாங்க. தேர் வழுக்கித் திரும்பிரும்” என்றான் உச்சிமாகாளியிடம்.

இதுவரை சொன்னது உண்மை. உண்மையோடு நிறுத்தும் பழக்கம் அவனுக்கு இல்லை.

“இழுத்தது யாரு?” நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்த உலகம்மாள் மதினி கேட்டாள்.

“நான்தான் மதினி. ஒத்தக் கையால.”

“மத்தக் கை?”

“குடை பிடிச்சிருந்தேன்.”

குடை பிடித்ததும் உண்மைதான். வேடிக்கை பார்ப்பவர்களுக்குக் கட்டிய கயிற்றுக்கு வெளியே.

“தேர் அம்புட்டு உசரமோ?”

“உச்சியில குழல் வாசிச்சவன் தலையில பனி, கீழ எங்களுக்கு வெயில். அவன் காலையில வாசிச்சது சாயங்காலம்தான் எங்க காதுக்கு வந்து சேரும்.”

“சாயங்காலம் வாசிச்சது?”

“அது மறுவருசத் திருவிழாவுக்கு ஆகும். கேளுங்க, உலகப் பாரம்பரியம்னு பட்டியல்ல எழுத அதிகாரிங்க வந்து நிக்காங்க. சந்து குறுகல், தேர் திரும்ப இடமில்ல. பாத்தேன். தேர அப்படியே விட்டுட்டு, தெருவத் திருப்பிட்டேன். வீடு, கடை எல்லாம் ஒரு சுத்து. டீ குடிச்சிட்டிருந்தவருக்கு ஒரு சொட்டு சிந்தல. பட்டியல்ல தேருக்குக் கீழ என் பேருதான்.”

உச்சிமாகாளி சிரிக்கவில்லை. பந்தல் மூங்கிலைப் பிளக்கச் சொன்னார். பக்கத்தில் தண்ணீர் இல்லாததால் மதினியின் மோர் அண்டா வந்தது. கோமதிநாயகம் ஓரடி பின்னால் வைத்தான். ஆனால் பட்டுப் பரிவட்டம் உச்சிமாகாளி அண்ணாச்சியின் கையில் மின்னிக்கொண்டிருந்தது. மூங்கிலைப் பரப்பினான், மோரை ஊற்றினான், “இழுங்க” என்றான்.

தேர் வழுக்கியது. தெற்கே பார்த்து நின்றது மேற்கே திரும்பியது. ஊர் கையெடுத்துக் கும்பிட்டது. கும்பிட்ட கை இறங்குமுன், மோரின் தயவால் இன்னும் கால்சுற்றுச் சுற்றி, வந்த வழியையே பார்த்து நின்றது.

உச்சிமாகாளி பரிவட்டத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“தேர் கிடக்கட்டும்ல. நீ தெருவத் திருப்பு.”