வேலியோரப் பாறையில் ஒரு பீடி

“பீடியை விட ஒரு வழி சொல்லுங்க தாயி. மலை ஏறோணும்.”

“நீங்க கேக்கறது பீடிக்கு வழியா, மலைக்கு வழியா?”

“ரெண்டும் ஒண்ணுதானுங்க.”

“ஒண்ணுன்னா, குடிச்சுக்கிட்டே ஏறுங்க.”

கேட்டவர் குழந்தைவேலு. தறி ஓட்டுகிறவர். பதில் சொன்னவள் நெடுங்கரட்டு மலையடிவாரத்து மடத்தில் இருக்கிற தாயி. வயசில் அவர் மகளைவிட ஒன்றிரண்டு மூத்தவளாக இருப்பாள், அவ்வளவுதான். ஆனாலும் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் அவள் தாயி. அவளுக்கு எல்லாரும் அண்ணன்.

குழந்தைவேலு சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

அடங்கியபிறகு சொன்னார்.

“பேத்திக்கு இழுப்புங்க. மூணு வயசுப் பொடிசு. படுத்தா நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்தறாப்பல கத்துது. டாக்டர் மருந்து ஒரு பக்கம் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கறோம். உச்சிச் சுனைத் தண்ணி கொண்டாந்து நெஞ்சுல தடவறேன்னு மலையைப் பாத்து வேண்டிக்கிட்டேன்.”

“வேற யாராச்சும் கொண்டாரட்டுமே.”

“பொண்ணைப் பெத்த அப்புச்சி கையில எடுத்தாத்தான் அந்தத் தண்ணி ஊடு வந்து சேரும்னு ஊரே சொல்லுதுங்களே.”

தாயி எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவரும் பின்னால் போனார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம். மலைக்கு வருகிறவர், அடுப்பில் சாம்பல் மூடிக் கிடக்கிற நெருப்புக் கங்கை ஊதாங்குழலால் ஊதி எழுப்ப வேண்டும். அடுப்பு எரிந்தால் கஞ்சி. கஞ்சி குடித்தவர் மலையேறலாம்.

குழந்தைவேலு ஊதினார். சாம்பல் பறந்து அவர் மூஞ்சியிலேயே அப்பியது. கங்கு கண் திறக்கவில்லை.

“இன்னிக்குக் கஞ்சி இல்லீங்ணா,” என்றாள் தாயி. “எனக்கும் சேத்துத்தான்.”

அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

“உங்க ஊட்டுப் பக்கத்துல பாறை கீறை இருக்குதுங்களா?”

“கொல்லையில இருக்குதுங்க. வேலியோரம்.”

“குடிக்கோணும்னு தோணினா ஒண்ணைப் பத்த வைங்க. வாயில வைக்காதீங்க. பாறை மேல வச்சுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துருங்க.”

“வாயில வைக்காம பீடியை எப்படிங்க பத்த வைக்கறது?”

“அடுப்புக் கங்குல புடிங்க. ஊதுபத்திய வாயில வச்சா பத்த வைக்கறீங்க?”

“கருப்பனுக்குச் சுருட்டு வைக்கறாப்பலங்களா?”

“கருப்பன் கேட்டு வாங்கிக்குவாரு. இது யாரு கேக்கறதுன்னு பாருங்க.”

“திரும்பிப் பாக்கக் கூடாதுன்னீங்க.”

“காது இருக்குதில்லீங்களா?”

*

முதல் நாள் வைத்தார். திரும்பி நடந்தார்.

கிணற்றடிக்கு வந்திருப்பார். பின்னால் ஒரு சத்தம்.

பீடியை இழுக்கிற சத்தம். இழுக்கிறவன் அவசரமில்லாமல், கன்னம் குழிய இழுத்தான்.

காற்று என்று நினைத்துக்கொண்டார்.

காலையில் போய்ப் பார்த்தார். நூல் கட்டின இடம் வரைக்கும் எரிந்து, துண்டு மட்டும் கிடந்தது.

பீடி சிகரெட்டு மாதிரி இல்லை. இழுக்க ஆளில்லாவிட்டால் தானே அணைந்துபோகும். குடிக்கிறவர்களுக்கு இது தெரியும்.

குழந்தைவேலுவுக்கும் தெரியும்.

பக்கத்துத் தறிக்காரர் அர்த்தநாரியிடம் சொன்னார். அர்த்தநாரிதான் அவரோடு மலைக்கு வருவதாகப் பேச்சு.

“எவனோ ஓசிப் பீடி குடிச்சுட்டுப் போறான் மாப்ளே,” என்றார் அர்த்தநாரி. “வைக்கறதுதான் வைக்கறே, எனக்கும் ஒண்ணு வையி.”

*

அதன்பிறகு தோணும்போதெல்லாம் வைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு சாயங்காலம் பாறையில் வைத்துவிட்டு வந்து, கொல்லைக் கதவோரம் கால் கழுவிக்கொண்டிருந்தார். அவர் மனைவி பாவாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

வேலியோரம் யாரோ இருமினார்கள்.

முதலில் வறட்டு இருமல். அப்புறம் தொண்டையைச் செருமல். கடைசியில் “அப்பனே” என்று ஒரு முனகல்.

பாவாத்தாள் தலை நிமிராமல் வேலிப் பக்கமாகக் குரல் கொடுத்தாள்.

“வந்துட்டீங்களா? சோறு போடட்டுங்களா?”

குழந்தைவேலுவின் கையிலிருந்த செம்பு சாய்ந்து தண்ணீர் தானாக ஊற்றிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பாவாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். அவரைப் பார்த்தாள். வேலியைப் பார்த்தாள். உரித்த வெங்காயத்தை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

*

நெஞ்சு லேசானது என்னவோ நெசம்தான்.

மடத்துக்குப் போய் ஊதாங்குழலை எடுத்தார். ஊதினார். கங்கு சிவந்தது. சுள்ளி பற்றியது. கஞ்சி வெந்தது. தாயி அவருக்கு ஒரு சட்டியில் ஊற்றிவிட்டுத் தானும் குடித்தாள்.

“சித்திரைப் பௌர்ணமிக்கு ஏறலாம்,” என்றாள். அவ்வளவுதான்.

அன்றைக்கே அர்த்தநாரி ஆரம்பித்துவிட்டார். மூங்கில் தடி வெட்டி வந்தார். டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டார். பொரி, வெல்லம், சுக்கு, கம்பளி என்று ஒரு மூட்டை கட்டினார். அவிழ்த்தார். மறுபடி கட்டினார்.

“மேல குளிரு கொன்னுபோடும் மாப்ளே. அந்தக் குளிருக்கு ஒரு பீடி கெடந்தா…”

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“இல்ல, சுக்குக் காப்பிதான் ஒடம்புக்கு நல்லது.”

அன்று சாயங்காலம் குழந்தைவேலு பாறையில் பீடியை வைத்துத் திரும்பினார்.

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அவருடைய சொந்தக் குரல்.

“ஒண்ணு பத்தலைடா. நாளையிலிருந்து ரெண்டா வையி.”

*

விடிந்ததும் மடத்துக்கு ஓடினார்.

“தாயி, நான் குடிக்கறதே இல்லீங்க. ஆனா கட்டுக் கட்டா வாங்கறேன்.”

“யாருக்கு?”

“அவனுக்கு.”

“பாவம். வச்சுக் குடுங்க.”

“எத்தனை நாளைக்குங்க?”

“விருந்தாளிய வரவழைச்சவரு கேக்கற கேள்வியாங்ணா இது?”

“நீங்கதானே வைக்கச் சொன்னீங்க!”

“பாறை மேல வைக்கச் சொன்னேன். பாறை எங்க இருக்குது?”

“வேலியோரமுங்க.”

“வேலிக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?”



“இந்தப் பக்கமுங்க. ஊட்டுப் பக்கம்,” என்றார்.

*

அன்றிலிருந்து அவர் வைக்கவில்லை.

வேலியோரம் அமைதியாக இருந்தது. அப்பாடா என்றிருந்தது.

அப்புறம் கிணற்றடியில் இருமல் கேட்டது.

அப்புறம் துவைக்கிற கல்லுப் பக்கம்.

அவர் கட்டிலைத் தூக்கிவந்து கொல்லைக் கதவுக்குக் குறுக்கே போட்டுப் படுத்துக்கொண்டார். உள்ளே பாப்பாவின் நெஞ்சு பூனைக்குட்டியாய்க் கத்தியது. கதவுக்கு அந்தப் பக்கம், பலகையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

*

மலைக்கு முந்தின நாள். எல்லாரும் சாயங்காலமே மடத்துக்கு வந்து சேர்ந்துவிட வேண்டும். வந்தவர்கள் அர்த்தநாரியும் குழந்தைவேலுவும்தான். அர்த்தநாரி கஞ்சி குடித்துவிட்டு மூட்டையில் தலை வைத்துக் குறட்டை விட ஆரம்பித்திருந்தார்.

வாசல் படலைச் சாத்தப் போன தாயி திரும்பி வந்தாள்.

“உங்காளு வந்திருக்காருங்ணா.”

“எங்காளா? யாருங்க?”

“பேரு சொல்லல. உங்க சட்டையப் போட்டிருக்காரு. நெஞ்சுல நெருப்பு விழுந்து ஓட்டை ஆன சட்டை.”

“அந்தச் சட்டையப் போன தீபாவளிக்கே அடுப்புல போட்டாச்சுங்க.”

“அதான் போல. ஓரமெல்லாம் கருகியிருக்குது.”



“என்ன வேணுமாம்?”

“ஒண்ணும் வேண்டாமாம். சொல்லிட்டுப் போலாம்னு வந்தாராம்.”

“எங்க போறான்?”

“நீங்க மலைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் உங்க ஊட்ல இருந்துக்கறாராம். பாப்பாவ மடியில போட்டுப் பாத்துக்கறேங்கறாரு. தெனமும் மடியில போட்டுக்கறதுதானே, கொழந்தைக்கு என்னைப் பழக்கம்தான்னு சொல்றாரு.”



தினமும் தறி விட்டு வந்ததும் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு கையில் பீடியோடு உட்கார்ந்திருந்த மனுசன் யார் என்று குழந்தைவேலுவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“தொரத்தி விடுங்க தாயி,” என்றார்.

“தொரத்தினா எங்கீங்ணா போவாரு? அவருக்கு வழி தெரிஞ்ச ஊடு ஒண்ணுதானே.”

குழந்தைவேலு விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். படலைத் திறந்தார்.

நிலா வெளிச்சம் அவன் முதுகுப் பக்கம். எதிரில் நின்றவனின் மூஞ்சி தெரியவில்லை. வாய் இருக்கிற இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது.

குழந்தைவேலு அவன் கையைப் பிடித்தார். காய்ந்த பீடி இலையைப் பிடித்த மாதிரி இருந்தது.

“ஊட்டுக்குப் போக வேண்டாம். வா, நீயும் மலைக்கு வா.”

பிடித்த கையை அவர் விடியும்வரை விடவில்லை.

*

கிழக்கு வெளுக்கும்போது கிளம்பினார்கள். தாயி முன்னால். குழந்தைவேலு நடுவில். அர்த்தநாரி பின்னால்.

“ஏன் மாப்ளே, ஒத்தைக் கைய அப்படிப் பின்னால நீட்டிக்கிட்டே நடக்கறே? சுளுக்கா?”

“ஆமா.”

“எண்ணெய் போட்டு நீவி விடட்டுமா?”

“கையைத் தொடாதே.”

அப்புறம் அர்த்தநாரி கொஞ்ச தூரம் தள்ளியே நடந்தார்.

மூங்கில் காடு தாண்டியதும் மேகம் இறங்கியது. தாயியின் முதுகு தெரிந்தது. தெரியாமல் போனது. மறுபடி தெரிந்தது.

பிடித்திருந்த கை கனத்துக்கொண்டே வந்தது. வழுக்குப் பாறை ஏற்றத்தில் அவன் மூச்சு இரைத்தது. பழைய இரைப்பு. குழந்தைவேலுவின் மூச்சு சீராகத்தான் இருந்தது. தன் இரைப்பை வெளியே நின்று கேட்பது அவருக்கு அதுதான் முதல்முறை. இப்படியா சத்தம் வரும் என்று இருந்தது.

ஏற்றத்தின் பாதியில் அவன் உட்கார்ந்துவிட்டான்.

“முடியலடா. நீ போயிட்டு வா. நான் இங்கியே இருக்கறேன்.”

“வா. இன்னும் கொஞ்சந்தான்.”

“எனக்கு மேல வேலையில்ல.”

கை தானாகக் கழன்றது.

குழந்தைவேலு மேலே பார்த்தார். தாயி நிற்காமல் போய்க்கொண்டிருந்தாள். அவரும் நடந்தார். கால் காற்றில் வைக்கிற மாதிரி லேசாக இருந்தது.

கீழே மேகத்துக்குள்ளிருந்து அவன் கூப்பிட்டான். கோபமில்லை. பிரியமாகத்தான் கூப்பிட்டான்.

“எறங்கறதுக்கும் இதே வழிதான்டா. நான் எங்கயும் போகமாட்டேன்.”

குழந்தைவேலுவின் கால் நின்றுபோனது. பிறகு ஓட்டமும் நடையுமாகப் போய்த் தாயியைப் பிடித்தார்.

“தாயி, எறங்க வேற வழி இருக்குதுங்களா?”

“இல்லீங்ணா.”

“அவன் அங்கியேதான் உக்காந்திருப்பான்.”

“இருப்பாரு.”

“ஒண்ணு பத்த வைக்கலாம் வான்னு கூப்பிடுவான்.”

“கூப்பிடுவாரு.”

“இன்னிக்கு மட்டுமில்லீங்க. எப்ப இந்தப் பக்கம் வந்தாலும் கூப்பிடுவான்.”

“ஆமாங்ணா.”

“அப்ப நான் என்ன பண்றதுங்க?”

தாயி அன்றைக்கு முதல்முறையாகத் திரும்பி அவர் மூஞ்சியைப் பார்த்தாள்.

“அப்ப உங்க கையில பாப்பாவுக்கு எடுத்த தண்ணி இருக்குமுங்களே அண்ணா.”