கொம்போடு வந்த புடவை

"புடவையைத்தானே கேட்டேன்? கொம்பையா கேட்டேன்? புடவையைத்தானே கேட்டேன்?"

பெர்னதெத் இதையே மூன்றாம் தடவை சொன்னபோது வனத்துறை ரேஞ்சர் பேனாவை மூடி வைத்துவிட்டார். மேசைமேல் ஒரு கடமான் கொம்பு கிடந்தது. ஒரு கை நீளம், மூன்று கிளை. நைலான் கொடிக்கயிறும் மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையும் அதில் முறுக்கிக்கொண்டிருந்தன. ஒரு கிளை துணியைத் துளைத்து மறுபக்கம் வந்திருந்தது. அறுத்தாலொழியப் புடவை வராது.

இது எப்படி நடந்தது என்று கேளுங்கள்.

கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட். அங்கே தலைமை எழுத்தரின் மனைவி பெர்னதெத். ஜனவரியில் ஒரு நாள், மகள் கல்யாணத்துக்குச் சம்பந்தி வீட்டார் எடுத்துக் கொடுத்த பட்டைக் கொல்லைக் கொடியில் காற்றாடப் போட்டவள், சாயங்காலமாகியும் எடுக்கவில்லை. பீன்ஸ் பாத்தியில் கடமான் வந்து நின்றது. மான் என்றதும் புள்ளி போட்ட சாதுப் பிராணியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது குதிரை உயரம், சேற்று நிறம், கழுத்தெல்லாம் முரட்டு மயிர். அது பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தது. பெர்னதெத் அலுமினிய வாளியை எடுத்து அதன் முகத்தில் வீசினாள். அது முன்னங்காலால் தரையை உதைத்து, லாரி ஹாரன்போல ஒரு சத்தம் போட்டு, திரும்பிப் பாய்ந்தது. கொடி, கிளிப், புடவை எல்லாம் கொம்போடு போயிற்று.

மறுநாள் வனக்காவலர் போஜன் வந்து பார்த்தார்.

"கொம்பு வருஷா வருஷம் தானா விழுந்துடும் மேடம். விழறப்போ புடவையும் விழும். எடுத்துக்குங்க."

"எப்போ விழும்?"

"மாசி பங்குனி ஆகும். மான்கிட்ட தேதி கேட்டுச் சொல்லட்டுமா?"

ஈஸ்டருக்குச் சம்பந்தி வருகிறார்கள். அந்தப் பட்டைக் கட்டிக்கொண்டு நிற்காவிட்டால் என்ன பேசுவார்கள் என்று பெர்னதெத்துக்குத் தெரியும். தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குப் போனாள். "யார் கண்ல பட்டாலும் கொண்டு வந்து குடுங்க. ஒரு நூல் பிரியக்கூடாது, சொல்லிட்டேன்" என்றாள். அதே லயனில்தான் போன மழைக்காலத்தில் போஜனும் கூட்டம் போட்டிருந்தார். "காட்டுப் பொருள் எது கிடந்தாலும் என்கிட்ட வந்து சொல்லணும். வீட்டுக்குக் கொண்டு போனா கேஸு. உதிர்ந்த கொம்பா இருந்தாலும் கேஸுதான்."

இரண்டு பேச்சையும் நின்று கேட்டவள் ராசமணி. கொழுந்து பறிக்கிறவள். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அவள் பெயரில் ஒரு வழக்கு விழுந்தால் வேலை போகும், வேலையோடு லயன் வீடும் போகும்.

ஏப்ரலில், மேல்காட்டு ஓரத்துத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே கொம்பும் புடவையும் கிடந்ததை அவள்தான் பார்த்தாள். பிரிக்கப் பார்த்தாள்; பட்டு கிழிய ஆரம்பித்தது. நிறுத்திக்கொண்டாள். அப்படியே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

அங்கிருந்து பெர்னதெத் வீட்டுக்கு இரண்டு வழி. செடிகளுக்கு இடையே இறங்கினால் ஐந்து நிமிடம். ஒரு ஈ காக்கை பார்க்காது. தார்ச்சாலையில் போனால் அரை மணி நேரம். நடுவில் போஜன் இருக்கும் வனத்துறைச் செக்போஸ்ட். காலை பத்து மணிக்கு, புடவை முந்தி கொடிபோலப் பறக்க, ராசமணி தார்ச்சாலையில் வந்தாள்.

ரேஞ்சர் ஆபீசுக்குப் பெர்னதெத்தையும் வரவழைத்தார்கள். "செக்போஸ்ட் வாசல்ல கையும் களவுமாப் பிடிச்சேன் சார்" என்றார் போஜன்.

ரேஞ்சர் கொம்பின் அடியைத் தடவிப் பார்த்தார். குமிழ்போல, சொரசொரப்பாக இருந்தது. மண்டையெலும்பு ஒட்டியிருக்கவில்லை.

"தானா விழுந்ததுதான். யாரும் வேட்டையாடல. ஆனா வெச்சிருக்கறதே தப்பு. ஒரு வழி இருக்கு மேடம். எடுத்து வரச் சொன்னது நான்தான்னு எழுதிக் குடுங்க, இந்த அம்மாவை எச்சரிச்சு விட்டுடறேன். ஆனா உங்க பேரும் பதிவேட்டுல ஏறும்."

அப்போதுதான் பெர்னதெத் புடவையைத்தானே கேட்டேன் என்று ஆரம்பித்தாள்.

"நூல் பிரியக்கூடாதுன்னீங்களேம்மா" என்றாள் ராசமணி.

"அதுக்காகக் காட்டையே தூக்கிட்டு வருவியா?"

"நானும் புடவையைத்தான் எடுத்துக்கச் சொன்னேன் சார்" என்றார் போஜன்.

"ரெண்டு பேரும் ஒரே வாத்தியார்கிட்ட படிச்சீங்களா?" என்றார் ரேஞ்சர். எழுதிக் கொடுக்கத் திங்கட்கிழமை வரை தவணை, இல்லாவிட்டால் ராசமணிமேல் கேஸ் என்று சொல்லி அனுப்பினார்.

வனக்காவலர் சட்டத்தைச் சொல்கிறார். ஒருத்தி தான் கேட்டது புடவை மட்டும் என்கிறாள். ஒருத்தி சொன்னபடி கொண்டுவந்தேன் என்கிறாள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: ராசமணி செய்தது. கிழித்தால் பெர்னதெத் விடமாட்டாள், கொண்டுபோனால் போஜன் விடமாட்டார். திருட்டுப் புத்தி உள்ளவள் ஆள் பார்க்காத ஐந்து நிமிட வழியை விட்டு, செக்போஸ்ட் இருக்கிற சாலையில் பட்டப்பகலில் அரை மணி நடப்பாளா? போஜனிடம் சொல்லிவிட்டுப் புடவையைக் கொடுக்கத்தான் அந்த வழியாக வந்தாள். இரண்டு பேர் போட்ட இரண்டு கட்டளைக்கும் ஒருசேரக் கீழ்ப்படிந்தவள் அவள்தான். தானே வந்தவளைப் பிடித்தேன் என்று சொன்னது போஜனின் தப்பு. பெர்னதெத்தின் தப்பை நான் விளக்க வேண்டுமா? சொன்ன சொல்லைச் சொன்னேன் என்று ஒப்புக்கொள்ள ஒரு வரி போதும். அதைக்கூட எழுதவில்லை.

ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சம்பந்திகளோடு பெர்னதெத் வேறு ஒரு பட்டில் படியிறங்கி வந்தாள். மாதா கோயில் வாசலில் ராசமணி நின்றிருந்தாள். எல்லாரும் காரில் ஏறினார்கள். கதவு சாத்திக்கொண்டது, கண்ணாடியும் மேலே ஏறியது. ராசமணி குனிந்து கண்ணாடியை இரண்டு தடவை தட்டினாள்.

"அம்மா, நாளைக்குக் கடைசி நாள்மா. ஒரே ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்கம்மா."