வாசலில் இருந்து ஒரு படம்

கட்டடம் எழும்புமுன்பே அது எப்படி இருக்கும் என்று படம் வரைந்து காட்டுகிறவர்களுக்குக் கோயம்புத்தூரில் ஒரு சங்கம் உண்டு. ஒரு காலத்தில் அறுபது பேர் இருந்தார்கள். இப்போது பதினோரு பேர். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குள் இருபதைத் தொடாவிட்டால் சங்கத்தைக் கலைத்துவிடுவதென்று தீர்மானமே போட்டாயிற்று.

செயலாளர் சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை காலையிலேயே ரூபாவதி டீச்சர் வீட்டுக்கு வந்துவிட்டார். அவருக்கு வரையச் சொல்லிக்கொடுத்தவர் டீச்சர்தான். வயதில் அவரைவிட மூன்று வருடம் இளையவர். வித்தைக்கு ஏது வயசு?

“முப்பது வருசச் சங்கமுங்க டீச்சர். என் கையிலயா சாகோணும்? நோட்டீஸ் அடிச்சேன். வாட்ஸ்அப்புல கூவிக் கூவிப் போட்டேன். ஒருத்தர் எட்டிப் பாக்கலீங்க. புது ஆளுகளை எப்படித்தானுங்க கொண்டாரது?”

டீச்சர் ஒரு தாளையும் பென்சிலையும் நகர்த்தி வைத்தார். “நம்ம சங்க ஹாலை வரைங்க. கூட்டம் நடக்கற மாதிரி.”

“இப்பங்களா?”

“இப்பத்தான்.”

முனகிக்கொண்டே உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தில் ஹால் வந்துவிட்டது. மின்விசிறி, ஜன்னல், முன்வரிசையில் மற்ற பத்துப் பேர். யார் யாரென்று பெயர் சொல்லிவிடலாம். எப்போதும் தூங்குகிறவர் படத்திலும் தூங்கினார்.

“அருமை. எங்க இருந்து பாத்து வரைஞ்சீங்க?”

“மேடையில இருந்துங்க. என்ற சேர்ல இருந்து.”

“இப்ப வாசல்ல நின்னு வரைங்க.”

இன்னொரு தாள். பென்சில் மளமளவென்று ஓடிப் பாதியில் மெதுவாயிற்று.

“என்னாச்சு?”

“எல்லாம் முதுகாவே வருதுங்க.”

“வரட்டும். வாசலோரம் சேரெல்லாம் அடுக்கி வெச்சிருப்பமே, அது எங்க?”

“படம் அசிங்கமாயிருமுங்க. விட்டுட்டேன்.”

இந்தத் தொழிலில் எல்லாருக்கும் உள்ள பழக்கம் அது. நிஜத்தில் எதிரே டிரான்ஸ்பார்மர் நிற்கும். படத்தில் அங்கே ஒரு வேப்பமரம் நிற்கும்.

“வீடு விக்கறவருக்கா வரையறீங்க? இருக்கறதை வரைங்க.”

வரைந்தார். கிட்டே இருப்பது பெரிதாகத்தானே வரும்? அடுக்கிய நாற்காலிகள் பாதித் தாளை அடைத்துக்கொண்டன. மீதியில் பத்து முதுகு. வந்தவர் உட்கார எடுத்துப் போட்ட நாற்காலி ஒன்றுகூட இல்லை. தூரத்தில், மேடையில், அரை விரல் உயரத்துக்குச் சென்னியப்பன்.

தன்னையே அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு புள்ள வந்துச்சுங்க. போன தை மாசக் கூட்டத்துக்கு. நஸ்ரின்னு பேரு. இதே இடத்துலதான் நின்னுச்சு. மேடையில இருந்தே, இருங்கன்னு கை காட்டுனேன். அறிக்கையெல்லாம் படிச்சு முடிச்சுட்டுப் பாத்தா ஆளைக் காணோம்.”

“எவ்வளவு நேரம் நின்னாங்க?”

“முக்கால் மணி நேரம் இருக்குமுங்க.” சொல்லும்போது அவருக்கே கூசியது. “அந்தப் புள்ள கம்ப்யூட்டர்லதானுங்க வரையுது,” என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

“கம்ப்யூட்டர்ல வரைஞ்சா கால் வலிக்காதுங்களா?”

சென்னியப்பன் போனை எடுத்தார். கூட்டம் எப்போது என்று கேட்டு அவள் அனுப்பிய மெசேஜ் இன்னும் அதில் இருந்தது. அந்த எண்ணுக்குக் கூப்பிட்டார்.

“நஸ்ரினுங்களா? ஓவியர் சங்கத்துல இருந்து பேசறேன். அன்னிக்கு உங்களை நிக்க வெச்சுட்டேன். தப்புதானுங்க. ஞாயித்துக்கிழமை வர்றீங்களா?”

அந்தப் பக்கம் நஸ்ரின், கூட வேலை செய்கிறவர்கள் எட்டுப் பத்துப் பேர் இருக்கிறார்கள், கூட்டி வரலாமா என்று கேட்டாள்.

போனை வைத்தபோது சென்னியப்பனுக்கு முகமெல்லாம் பல். “டீச்சர், நீங்களும் வந்தரோணும். மேடையில உங்களுக்கு ஒரு சேர் போட்டு வெக்கறேன்.”

“மேடை வேண்டாங்க. அந்தப் புள்ளைகளோட நானும் வாசல்ல நிக்கறேன். யாராச்சும் திரும்பிப் பாத்து உக்காரச் சொன்னா, எல்லாரும் உள்ள வர்றோம்.”