படிக்கம் சொன்ன தீர்ப்பு

கம்பம் பக்கத்தில் ஒயின் ஆலை இருந்த காலம் அது. இன்றைக்கு அங்கே கல்யாண மண்டபம். அதை விடுங்கள். அந்தச் சிவப்பு ஒயினை நினைத்தால் இப்போதும் நாக்கு ஊறுகிறது.

தெற்கத்தித் தோட்டங்களின் இரண்டு வகைத் திராட்சையைக் கலந்து முதலாளி லூர்தையா செய்த ஒயின். ருசி பார்த்து வாங்க பம்பாய்க் கம்பெனியிலிருந்து தேவசகாயம் வந்தார். அவர் வேண்டாம் என்றால் பீப்பாய் எல்லாம் வாய்க்காலுக்கு, ஆலைக்குப் பூட்டு.

ஒயின் ருசிப்பவர்கள் விழுங்க மாட்டார்கள், வாயில் சுழற்றித் துப்பிவிடுவார்கள். அதற்குப் படிக்கம் ஏந்தி நின்றவன் ஆலை வேலையாள் மொக்கச்சாமி.

ஒப்பிட்டுப் பார்க்க நாலைந்து சீமை ஒயின்கள். ஒவ்வொன்றையும் துப்பிவிட்டு "ஆகா!" என்றார் தேவசகாயம். கடைசியில் லூர்தையாவின் ஒயினை வாயில் விட்டார். முகத்தைச் சுளித்தார்.

"மட்டம். மாடுகூடத் தொடாது."

லூர்தையா தலை குனிந்தார்.

"நல்ல சரக்குங்க சாமி," என்றான் மொக்கச்சாமி.

"நீ குடிச்சியாடா?"

"சொட்டுக்கூட இல்லீங்க."

"குடிக்காமலே ருசி சொல்லுவியோ? எங்கே, நிரூபி! இல்லேன்னா இன்னிக்கே உன் சீட்டைக் கிழிக்க வச்சிடுவேன்."

மொக்கச்சாமி படிக்கத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"நீங்க ஆகான்னது அத்தனையும் இதுக்குள்ள கிடக்கு சாமி. மட்டம்னதை மட்டும் காணோம். எங்க போச்சு?"

லூர்தையா நிமிர்ந்தார். தேவசகாயம் தொண்டையைச் செருமினார். பிறகு கோப்பையை நீட்டினார்.

"இன்னொரு தடவை ஊத்து. சரியாப் பார்த்துச் சொல்றேன்."

மொக்கச்சாமி ஊற்றினான். படிக்கத்தைக் கீழே வைத்துவிட்டுத்தான் ஊற்றினான்.