அஞ்சுகம் வாய் திறக்கக் கூடாது

கோரைப்பட்டணத்தில் எல்லாவற்றுக்கும் வரி உண்டு, கொசுவுக்கு மட்டும் கிடையாது. அதனால்தானோ என்னவோ, ஊரைச் சுற்றியிருந்த பதினோரு ஏரிகளிலும் அது சுகமாகக் குடித்தனம் நடத்தியது. சேதுங்கராயர் ஊரை ஆண்டார் என்று பட்டயத்தில் எழுதியிருக்கலாம். பொழுது சாய்ந்தால் ஆண்டது கொசுதான்.

அந்தக் கொசுவால் கொழித்தவர் ஒருவர் இருந்தார், வணிகர் தலைவர் கங்காதரர். ஊரிலேயே கொசுவலை விற்கும் ஒரே கடை அவருடையது. அவர் சொன்னதே விலை, அவர் கொடுத்ததே வலை. பாதி வலையில் கொசு என்ன, காக்கையே நுழையும்.

அரண்மனைத் தோட்டத்தில் வேலை பார்த்த அஞ்சுகம் நொச்சி இலையையும் வேப்பம் பட்டையையும் இடித்து, சாணத்தில் பிசைந்து, தட்டிக் காயவைத்து ஒரு கட்டி செய்தாள். கொளுத்தி வைத்தால் கொசு அந்தப் பக்கமே வரவில்லை. சந்தோஷத்தில் வேலையை விட்டாள், இருந்த நகைகளை விற்றாள், வடக்கு வாசலில் கடை போட்டாள். பத்து நாளில் கடைக்கு வந்தது வழி கேட்ட இரண்டு பேரும் ஓர் ஆடும்.

கண்ணீரும் கட்டியுமாக அவள் போய் நின்றது தாண்டவன் வீட்டில். அரசவையில் விகடம் சொல்லிச் சோறு தின்பவன், ஆனால் யோசனைக்காரன். முதலில் ஒரு கட்டியை வாங்கிக்கொண்டு அந்தி நேரத்தில் சட்டையில்லாமல் ஏரிக்கரையில் உட்கார்ந்து பார்த்தான். ஒரு கடி இல்லை. திரும்பி வந்து, இதை யார் வாங்குவார்கள் என்று கேட்டான்.

"எல்லாருந்தான் ஐயா."

"எல்லாருக்கும்னு விற்கிற சரக்கு யாருக்கும் இல்லாமப் போயிடும், அம்மா. கொசு கடிச்சா முதல்ல அழுறது யாரு?"

அஞ்சுகம் கொஞ்சம் யோசித்தாள். "கைக்குழந்தைங்க."

"அப்போ வாங்கப் போறது அதைப் பெத்தவ. அவ காதுல விழற மாதிரி சொல்லணும்."

மறுநாள் சபையில், கடையைப் பற்றி ஊரில் தண்டோரா போட அனுமதி வேண்டும் என்று மன்னரிடம் கேட்டான். கங்காதரருக்கு வயிறு எரிந்தது. பூக்கடைக்கு எதற்கு விளம்பரம் என்று ஆரம்பித்தார். சரக்கு நல்லதென்றால் தானாக விற்கட்டும், தண்டோரா கூடாது, பலகை கூடாது, அந்தப் பெண் தன் வாயால்கூடக் கட்டியின் பெருமையைப் பேசக் கூடாது என்றார்.

சேதுங்கராயருக்கு ஒரு பலவீனம் உண்டு. யாராவது பழமொழி சொல்லிவிட்டால் அதுதான் நியாயம் என்று நினைத்துவிடுவார். அப்படியே ஆணையிட்டார். பௌர்ணமிக்குள் நூறு வீட்டுக்காரர்கள் வாங்காவிட்டால் கடை கங்காதரருக்கு, பரிந்து பேசிய தாண்டவனுக்குச் சபையில் இடமில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். பௌர்ணமிக்கு எட்டே நாள். அஞ்சுகத்துக்கு நகையும் போய், வேலையும் போய், இப்போது கடையும் போகப்போகிறது.

தாண்டவன் கைகட்டி நின்றான். "ஆணை என் சிரசின் மேல், மகாராஜா. முறைப்படி ஊருக்கு அறிவித்துவிடலாமா?"

அந்த ஊர் வழக்கம் அப்படி. நான்கு வீதியிலும் மூன்று நாள் முரசறைந்து சொல்லாத ஆணை செல்லாது. எவர், எங்கே, எதைச் செய்யக் கூடாது என்று விவரமாகச் சொல்ல வேண்டும், அப்போதுதானே மீறினால் ஜனங்கள் பிடித்துக் கொடுக்க முடியும். முரசறைபவனின் கூலியும் சாப்பாடும் ஆணையைக் கேட்டு வாங்கியவர் பொறுப்பு. அவமானம் ஊரெல்லாம் பரவட்டும் என்று கங்காதரர் பூரித்துப்போய், ஒருவனுக்கு நான்கு பேராகவே அனுப்பினார். வாசகம் எழுதியது தாண்டவன்.

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், வடக்கு வாசலில் மூன்றாவது கடையில் அஞ்சுகம் என்பவள் நொச்சிக் கட்டி விற்கிறாள். அந்தியில் ஒன்று கொளுத்தினால் விடியும் வரை கொசு அண்டாது என்று அவள் சொல்லக் கூடாது. தொட்டில் குழந்தை அழாமல் தூங்கும் என்று சொல்லவே கூடாது. முதல் கட்டி இனாம் என்பதை மூச்சுவிடக் கூடாது. மீறிச் சொன்னால் பிடித்துக் கொடுக்கவும்."

முதலில் வந்தவர்கள் அவளைப் பிடித்துக் கொடுக்கத்தான் வந்தார்கள். அஞ்சுகம் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு கட்டியைக் கொளுத்தி வைத்தாள். வந்தவர்கள் அரை நாழிகை நின்றார்கள், யாரும் தொடையைத் தட்டிக்கொள்ளவில்லை. இனாம் கட்டியோடு வீட்டுக்குப் போனார்கள், மறுநாள் காசோடு வந்தார்கள். அடுத்து இடுப்பில் குழந்தையோடு பெண்கள் வந்தார்கள். அப்புறம் கடைக்கு முன்னால் இடித்துக்கொண்டு நின்ற கூட்டத்தில், வழி கேட்க வந்தவனுக்குத்தான் வழி கிடைக்கவில்லை. ஐந்தாம் நாளே நூறு வீடு தாண்டிவிட்டது.

கங்காதரர் சபைக்கு ஓடி வந்தார். வலைக்கடையில் ஈயாடுகிறது, அந்த ஆணையைத் தயவுசெய்து ரத்துச் செய்ய வேண்டும் என்று மன்றாடினார்.

"செய்யலாமே," என்றான் தாண்டவன். "ஆனால் ரத்தும் ஓர் ஆணைதான். மறுபடி மூன்று நாள் முரசு, உங்கள் செலவில். வாசகம் தயாராகவே வைத்திருக்கிறேன். அந்தியில் ஒன்று கொளுத்தினால் விடியும் வரை கொசு அண்டாது என்று அஞ்சுகம் இனித் தாராளமாகச் சொல்லலாம்..."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடை அஞ்சுகத்துக்கே நிரந்தரம் என்றார், தாண்டவனுக்குத் தன் கைக் கங்கணத்தைக் கழற்றிப் போட்டார். பிறகு கங்காதரர் பக்கம் திரும்பி, ரத்துச் செய்யவா வேண்டாமா என்று கேட்டார்.

கங்காதரர் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தார். பிறகு மெல்ல நிமிர்ந்தார்.

"அது இருக்கட்டும், மகாராஜா. என் கொசுவலையைப் பற்றி நானும் வாய் திறக்கக் கூடாது என்று ஓர் ஆணை போடுவீர்களா? வாசகத்தைத் தாண்டவனே எழுதட்டும்."